நிலம் சர்க்காருக்கு, சுவர் உங்களுக்கு

சீரங்கப்பட்டணத்தை வாங்கிக்கொண்டு பெங்களூரைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார். வருஷம் 1881. அவர் கைக்கு வந்தது காவிரி நடுவே மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமாக ஒரு தீவு. அதில் பீரங்கி துளைத்த கோட்டை, பள்ளிகொண்ட ரங்கநாதர், பத்துப் பதினோராயிரம் ஜனம், கணக்கில் அடங்காத கொசு. அவர் கையை விட்டுப் போனது மூவாயிரம் அடி உயரத்தில் பதின்மூன்று சதுர மைல் மேட்டு நிலம். அதில் பரேடு மைதானம், ஏரி, மாதா கோயில்கள், கடைத்தெரு, ரயில் நிலையம், அந்த வருஷத்துக் கணக்கெடுப்புப்படி 93 ஆயிரம் பேர்.

நம் ஊர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் இப்படி ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதச் சொன்னால், பத்திரம் எழுதுகிறவரே மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, “வீட்டுல பெரியவங்க யாரையாச்சும் கேட்டீங்களா தம்பி?” என்று விசாரிப்பார். மகாராஜாவை அப்படி யாரும் விசாரிக்கவில்லை. அவருக்கு வயது பதினெட்டு. பெரியவர் என்று பக்கத்தில் இருந்தது பிரிட்டிஷ் சர்க்கார்தான். எதிர்த் தரப்பில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்ததும் அதுவேதான்.

இந்த வியாபாரம் எப்படி முடிந்தது என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் ஊரைச் சுரண்டிவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து ராஜ்யத்தைப் பாகம் பிரித்தார்கள். ஒரு பங்கு தங்களுக்கு, ஒரு பங்கு நிஜாமுக்கு, மிச்சத்தைப் பழைய உடையார் வம்சத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்து அதன் தலையில் கட்டினார்கள். ராஜ்யம் குழந்தைக்கு, ஆனால் தலைநகரமாக இருந்த தீவை மட்டும் கும்பினி தன் மடியில் முடிந்துகொண்டது. கோட்டையைக் கையில் வைத்துக்கொள்வது ராணுவத் தேவை என்றார்கள். அந்தத் தேவை கொஞ்ச காலத்தில் தீர்ந்துபோனது. ஆனாலும் இடத்தை விடவில்லை. வருஷம் ஐம்பதாயிரம் ரூபாய் என்று பேசி, தீவை மைசூருக்கே குத்தகைக்கு விட்டார்கள். ஒருத்தன் வீட்டை அடித்துப் பிடுங்கி அவன் வாரிசுக்கே வாடகைக்கு விட்ட சாமர்த்தியம் சரித்திரத்தில் நிறைய இருக்கலாம். ரசீது போட்டு வாங்கியது கும்பினிதான்.

அந்தத் தீவின் லட்சணம் என்ன? திப்பு காலத்தில் ஒன்றரை லட்சம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். 1800-இல் வந்து எட்டிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் கணக்கில் அது சுமார் 32 ஆயிரம். ஆர்தர் வெல்லெஸ்லி (பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆகி நெப்போலியனைத் தோற்கடித்தவர்) திப்புவின் தரியா தௌலத் மாளிகையில் ஜாகை போட்டுக்கொண்டு நாட்டாமை செய்தார். சுவர் முழுக்க, இங்கிலீஷ்காரன் திப்புவின் தந்தை ஹைதரிடம் உதை வாங்கிய பொள்ளிலூர்ப் போர்ச் சித்திரம். அதற்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்கவும் ஒரு மனசு வேண்டும். துரை மாளிகையில் இருந்தார், சிப்பாய்கள் ஜுரத்தில் கிடந்தார்கள். திப்புவின் தோட்டாவால் செத்தவர்களைவிடத் திப்புவின் ஊர்க் காற்றால் செத்தவர்கள் அதிகம் ஆகிவிடுவார்களோ என்று மேலிடத்துக்குக் கவலை வந்தது.

இதற்கு நடுவில் ஒரு கூடாரக் கலாட்டா வேறு. சென்னைப் படையில் சுதேசிப் பட்டாளங்களின் வெள்ளைக்காரத் தலைவர்களுக்குக் கூடாரச் செலவு என்று மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. சண்டை நடந்தாலும் அதே தொகை, சும்மா இருந்தாலும் அதே தொகை. சும்மா இருக்கும் மாதங்களில் அது எங்கே போகும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்; ஜான் மன்றோ என்ற கர்னலும் ஊகித்தார், ஊகித்ததை அறிக்கையாகவே எழுதினார். 1808-இல் அந்தப் படியை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே, ராஜாவுக்கு உயிரைக் கொடுப்போம் என்று சத்தியம் செய்த இங்கிலீஷ் அதிகாரிகள் கூடாரப் பணத்துக்காகச் சென்னை சர்க்காரை எதிர்த்துக் கிளம்பினார்கள். சீரங்கப்பட்டணத்துக் காவற்படை கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு முறைத்தது. அவர்களை அடக்க மைசூர்க் குதிரைப் படையும் போக வேண்டியதாயிற்று. சிப்பாய்க் கலகத்தைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிய வெள்ளைக்கார சரித்திராசிரியர்கள் இந்தத் துரைமார் கலகத்தை அவ்வளவு பெரிதுபடுத்துவதில்லை. பாவம், இடம் பற்றாக்குறை.

அதே 1809-இல்தான், ஜுரத் தீவை விட்டுப் பெங்களூரில் தண்டு (கண்டோன்மென்ட்) இறங்கியது. பேட்டை என்ற பழைய ஊருக்கு வெளியே, அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி, காற்றாட மேட்டு நிலம். இடம் மைசூருடையது. விலை? அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. 1799 உடன்படிக்கைப்படி மைசூர் வருஷத்துக்கு ஏழு லட்சம் வராகன், ரூபாய்க் கணக்கில் 24½ லட்சம், தன்னைப் பாதுகாக்கும் படைக்காகக் கும்பினிக்குக் கட்டிக்கொண்டிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று மட்டும் கேட்கக் கூடாது. காவலுக்குப் பணமும் கொடுத்து, காவல்காரன் படுக்க இடமும் கொடுத்து, அவன் குதிரைக்குப் புல்லும் காட்டியாயிற்று.

தண்டு போன வழியே தமிழனும் போனான். வட ஆற்காட்டிலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் சமையல்காரர், வண்டிக்காரர், தையற்காரர், கசாப்புக்காரர், கல்தச்சர், பட்டாளத்துக்குச் சரக்குக் கட்டுகிற முதலியார்மார் என்று ஒரு தனி ஊரே புறப்பட்டு வந்து பிளாக்பள்ளியில் இறங்கியது. இன்றைய சிவாஜிநகர் அதுதான்; தண்டு மாரியம்மன் அங்கேதான் இருக்கிறாள். சென்னை சாப்பர்ஸ் படைக்காரர்களுக்குப் பட்டாளத்தில் இன்றைக்கும் பெயர் “தம்பி”. அதிகாரி பஞ்சாபியாக இருந்தாலும் கூப்பிடுவது தம்பி என்றுதான். ஆற்காடு நாராயணசாமி முதலியார் இந்தத் தண்டில் வியாபாரம் செய்து தழைத்து, பெங்களூர் சர்க்கார் ஆபீஸ்களுக்கெல்லாம் கூரையாக 1860-களில் எழுந்த அட்டாரா கச்சேரியைக் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டும் அளவுக்கு உயர்ந்தார். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபோதும் அது கண்டோன்மென்ட் ஸ்டேஷனோடுதான் நின்றது. பேட்டைக்காரன் ரயில் பார்க்க வேண்டுமானால் தண்டுக்கு நடக்க வேண்டும்.

இனி பங்களாக் கதை. இதுதான் விஷயத்தின் கொழுப்பான பாகம்.

படை என்று ஒன்று வந்தால் அதிகாரி என்று ஒருவன் வருவான். அதிகாரிக்குக் கூடாரம் போதாது. பங்களா வேண்டும், சுற்றிலும் ஏக்கர் கணக்கில் தோட்டம் வேண்டும், குதிரை லாயம், சமையற்கட்டு, பட்லருக்கு ஒரு குச்சு. இதையெல்லாம் சர்க்காரே கட்டிக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதிகாரியே சொந்தப் பணத்தில் கட்டிக்கொள்ளட்டும் என்றால், நாளைக்கு அவன் அந்த இடத்தை எவனோ ஒரு சேட்டுக்கு விற்றுவிட்டு லண்டனுக்குக் கப்பலேறிவிடுவான். பரேடு மைதானத்துக்கு நடுவில் சேட்டு மளிகைக் கடை போடுவார். என்ன செய்வது?

வங்காளப் படைக்கு இதற்கு விடையாக வந்ததுதான் 1836 செப்டம்பர் 12-ஆம் தேதியிட்ட கவர்னர் ஜெனரலின் 179-ஆம் உத்தரவு. மற்ற மாகாணப் படைகளும் இதே சாயலில் விதி வைத்திருந்தன. “ஓல்டு கிராண்ட்” என்று கண்டோன்மென்ட் வக்கீல்கள் இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு உச்சரிப்பது இதைத்தான். எழுதியவர் யாரோ தெரியாது; அவர் மாத்திரம் ரியல் எஸ்டேட்டில் இறங்கியிருந்தால் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் அவரிடம் எழுத்தராகச் சேர்ந்திருப்பார்கள்.

உத்தரவின் சாரம் இது. மண் எப்போதும் சர்க்காருடையது. அதை விற்க உனக்கு உரிமை இல்லை. அதன்மேல் அனுமதி வாங்கி நீ கட்டிய கட்டடம் மட்டும் உன்னுடையது. சர்க்காருக்கு இடம் தேவைப்பட்டால் ஒரே ஒரு மாத நோட்டீஸ். கட்டடத்தின் மதிப்பைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளும். மண்ணுக்குக் காலணா கிடையாது. இந்த நிபந்தனைகள் உனக்கு மட்டுமல்ல, உன்னிடம் வாங்குகிறவனுக்கும், அவனிடம் வாங்குகிறவனுக்கும் உண்டு.

விற்பதிலும் ஒரு வர்ணாசிரமம் வைத்தார்கள். ஒரு பட்டாள அதிகாரி இன்னொரு அதிகாரிக்கோ பட்டாள டாக்டருக்கோ விற்றால் தடையில்லை. பட்டாளத்துக்கு வெளியே யாருக்காவது விற்க வேண்டுமானால் ஊர்ப் படைத் தலைவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வாங்குகிறவர் “நேட்டிவ்” ஆக இருந்து, சொத்தின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் போனால், சேனாதிபதி வழியாக சர்க்காரின் அனுமதியே வர வேண்டும். அதாவது நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஒரு முதலியார் வீடு வாங்கினால் ராஜ்யத்துக்கு ஆபத்தில்லை. அடுத்த இரண்டு ரூபாயில்தான் ஏகாதிபத்தியம் ஆட்டம் காணும்.

மதிப்புப் போடுவதுதான் வேடிக்கை. ஒரு ரெஜிமென்ட் மாறிப் போய் இன்னொன்று வரும்போது, வருகிறவன் போகிறவனிடம் பங்களாவை வாங்க வேண்டும். போகிறவனுக்கு அவசரம், வருகிறவனுக்கு வேறு வீடு கிடையாது. விலையில் தகராறு என்றால் மத்தியஸ்தக் குழு ஒன்று தீர்மானிக்கும் என்று உத்தரவே சொல்கிறது. காட்சியை நாமே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். காலை ஆறு மணி, குழு வருகிறது. ஒரு மேஜர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். இன்னொருவர் பிரம்பால் உத்திரத்தைத் தட்டுகிறார். கொட்டுவது கரையானா சுண்ணாம்பா என்று இரண்டு கட்சி. விற்கிற காப்டன் ஓடு புதுசு என்கிறார். வாங்க வந்த காப்டன் போன மழைக்கு எந்த அறையில் பாத்திரம் வைத்தீர்கள் என்று பட்லரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார். பட்லர் இரண்டு துரைக்கும் பொதுவாக, “மழை கொஞ்சம் ஜாஸ்திதான் சார்” என்கிறார். வாசலில் மூன்று ஏக்கர் தோட்டம் மா, பலா, ரோஜா என்று பூத்துக் குலுங்குகிறது. குழு அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மண்ணுக்குத்தான் மதிப்பே இல்லையே. சுவர், கதவு, ஜன்னல், ஓடு என்று எண்ணி எழுதிக்கொண்டு போய்விடுகிறது. நிலம் இல்லாத நிலமதிப்பு.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் நினைத்தபடி நடந்ததா? அதுதான் இல்லை. அதிகாரிகளுக்கு அடிக்கடி மாற்றல். கையில் ரொக்கம் எப்போதும் குறைவு, கடன் எப்போதும் அதிகம். பங்களாவை வாங்கி விற்கிற அலுப்பு எவனுக்கு வேண்டும்? பட்டாளத்துக்குச் சரக்குப் போட்ட வியாபாரிகள் பொறுமையாக, ஒவ்வொன்றாக, முறையாக மனுப் போட்டு வாங்க ஆரம்பித்தார்கள். நூற்றாண்டு முடிகிற நேரத்தில் பல கண்டோன்மென்ட்களில் நிலைமை தலைகீழ். வீட்டுச் சொந்தக்காரர் நேட்டிவ், வாடகைக்கு இருப்பவர் துரை. மாதம் பிறந்தால் துரை வீட்டுப் படியில் வியாபாரியின் கணக்குப்பிள்ளை. ரிப்பேர் கேட்டால் “ஆகட்டும் துரை” என்று பதில் வரும், ஆள் வராது.

இதற்கும் சட்டம் போட்டார்கள். 1902-இல் ஒரு தடவை, பிறகு 1923-இல் இன்னொரு தடவை: கண்டோன்மென்ட் வீட்டுவசதிச் சட்டம். பட்டாள அதிகாரிக்கு வீடு வேண்டும் என்று சர்க்கார் கேட்டால் சொந்தக்காரர் குத்தகைக்கு விட்டே ஆக வேண்டும். வாழத் தகுதியாக ரிப்பேரும் பார்த்துத் தர வேண்டும். இப்போது கூட்டிப் பாருங்கள். மண் சர்க்காருடையது. வீடு உங்களுடையது; ஆனால் யார் குடியிருப்பது என்று சர்க்கார் சொல்லும். ஒழுகினால் உங்கள் செலவு. சர்க்காருக்கே வேண்டுமென்றால் ஒரு மாதத்தில் காலி. மிச்சம் உங்களுக்கு உள்ளது வீட்டு வரி கட்டும் உரிமை.

வாடகைக்கு இருந்த துரைகளில் ஒருவர் 1896-இல் பெங்களூர் வந்த வின்ஸ்டன் சர்ச்சில். போலோ ஆடினார், ரோஜா வளர்த்தார், கட்டுக்கட்டாகப் புத்தகம் வரவழைத்துப் படித்தார். பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வசூலாகாத கடன் என்று கிளப் அதைத் தள்ளுபடி செய்த பேரேட்டுப் பக்கத்தை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தண்டின் நூற்று முப்பத்தெட்டு வருஷ வரலாற்றில் மதிப்பைப் பற்றித் தகராறே இல்லாத சொத்து இந்தப் பதின்மூன்று ரூபாய்தான்.

இனி 1881-க்கு வரலாம். 1831-இல் நகர் சீமைக் குடியானவர் கலகத்தைச் சாக்காக வைத்து, அப்போதைய மகாராஜாவுக்கு ஆளத் தெரியவில்லை என்று சொல்லி பிரிட்டிஷார் மைசூர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஐம்பது வருஷம் ஆயிற்று. இந்த ஐம்பது வருஷமும் பெங்களூர்த் தண்டு விஷயத்தில் இடத்துக்காரனின் கார்டியனும் அவர்களே, இடத்தில் குடியிருந்தவரும் அவர்களே. தண்டு நான்கு பக்கமும் வீங்கியதில் ஆச்சரியம் என்ன? ஆட்சேபணை மனுவைக் கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

திருப்பிக் கொடுக்கும் நேரமாகப் பார்த்து 1876–78 பஞ்சம் மைசூரைச் சூறையாடியது. ஜனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. அரசாங்கத்தின் தலையில் 80 லட்சம் ரூபாய் கடன் ஏறியது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் கடனோடுதான் ராஜ்யம் இளம் மகாராஜாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கூடவே பாதுகாப்புக் கப்பத்தை 24½ லட்சத்திலிருந்து 35 லட்சமாக ஏற்றினார்கள். பஞ்சத்தில் அடிபட்ட ராஜ்யம் என்று இரக்கப்பட்டு, ஏற்றிய பத்தரை லட்சத்துக்குச் சில வருஷம் தவணை மட்டும் கொடுத்தார்கள்.

ஒப்படைப்புப் பத்திரத்தில் தண்டுகளுக்கென்றே ஒரு ஷரத்து உண்டு. பிரிட்டிஷ் சர்க்கார் மைசூரில் எங்கே, எப்போது தண்டு போட நினைத்தாலும், அதற்கான நிலத்தை மகாராஜா எந்தக் கட்டணமும் இல்லாமல் கொடுக்க வேண்டும். அந்த நிலத்தின்மேல் தன் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இதன்படி பெங்களூர்த் தண்டு “ஒதுக்கப்பட்ட பகுதி” ஆனது. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று புதுப் பெயர், தனி நிர்வாகம், தனி கோர்ட்டு. பதிலுக்குத்தான் சீரங்கப்பட்டணத் தீவு. மைசூர் இனி ஐம்பதாயிரம் ரூபாய் குத்தகை கட்ட வேண்டாம். தன் முன்னோர் ஊருக்குத் தானே வாடகை கொடுக்கும் பாக்கியம் உடையாருக்கு நின்றுபோனது.

இரண்டு சொத்தையும் யார் மதிப்பிட்டார்கள், கெஜக்கோல் பிடித்தது யார் என்றெல்லாம் கேட்பது அநாகரிகம். வருஷம் ஐம்பதாயிரம் வரும்படி உள்ள தீவை விட்டுக்கொடுத்தார்களே என்று ஒரு கட்சி பேசலாம். ஆனால் அந்த வரும்படியே மைசூரின் கஜானாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆக, மைசூரின் சொந்த ஊரை மைசூருக்கே கொடுத்து, மைசூரின் இன்னொரு சொந்த ஊரை வாங்கிக்கொண்டது பிரிட்டிஷ் சர்க்கார். அதன் பையிலிருந்து ஒரு செங்கல்கூடப் போகவில்லை. ஒப்படைப்புக்குப் பின் முதல் திவானாக வந்த செங்கல்பட்டுச் சீமை ரங்காச்சார்லு கணக்கில் புலி. நிதி இலாகாவில் ஊறியவர். அவருக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாமல் இருக்காது. தெரிந்து என்ன செய்ய? கை நீட்டிக் கேட்கிறவனிடம் பீரங்கி இருக்கும்போது கைடுலைன் வேல்யூ பேச முடியாது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒதுக்கப்பட்ட பகுதியில் மகாராஜா விட்டுக்கொடுத்தது அதிகாரத்தை. நாடு என்னவோ மைசூருடையதுதான் என்று ஏட்டில் இருந்தது. மண் ஒருவருக்கு, மேலே எழும்பியதெல்லாம் இன்னொருவருக்கு. 1836-இல் காப்டன்களுக்கு வகுத்த அதே நியாயத்தில், 1881-இல் பேரரசே குடியேறிக்கொண்டது. ஒரே ஒரு ஷரத்தை மட்டும் சேர்க்க மறந்துவிட்டார்கள்: இடத்துக்காரர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்ய வேண்டும் என்பதை.

பழைய பெங்களூர்க் கோட்டையை 1888-இல் மைசூரிடம் விட்டார்கள். அதற்குள் அந்தக் கோட்டையால் யாரையும் தடுக்கவும் முடியாது, யாரும் அதைத் தாக்கவும் மாட்டார்கள் என்றாகிவிட்டது. பிறகு அதன் மதில்கள் ரோட்டுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன.

இருபதாம் நூற்றாண்டில் துரைமார் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தார்கள். 1924-இல் கண்டோன்மென்ட் சட்டம், 1937-இல் நில நிர்வாக விதிகள். நிலத்தையெல்லாம் ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்து ரிஜிஸ்தரில் எழுதினார்கள். ஏ-1 என்பது பட்டாளம் உண்மையில் உபயோகிக்கும் நிலம்: கோட்டை, கிடங்கு, பரேடு மைதானம், துப்பாக்கி சுடும் இடம். புல் பண்ணையும் பால் பண்ணையும்கூட இதில் அடக்கம். மாடு மேய்கிற இடமும் பீரங்கி நிற்கிற இடமும் ஒரே ஜாதி. 1889-இல் அலகாபாத்தில் முதல் ராணுவப் பால் பண்ணை தொடங்கியது. கடைசிப் பண்ணையை இழுத்து மூடியது 2021-இல். இடையில் இரண்டு உலக யுத்தம் வந்து போயிற்று, ஒரு சாம்ராஜ்யம் போயிற்று, பசு மட்டும் டியூட்டியில் இருந்தது.

ஏ-2 என்பது இன்னும் உயர்ந்த தத்துவம். பட்டாளம் உபயோகிக்காத, ஆனால் வேறு யாரும் எதற்கும் உபயோகிப்பதற்குப் பட்டாளத்தின் ஆட்சேபணை உள்ள நிலம். நானும் உட்காரமாட்டேன், நீயும் உட்காராதே என்பதைச் சட்ட மொழியில் இதைவிடக் கண்ணியமாக எழுத முடியாது. பி-3 என்பது நம் பழைய நண்பர்: தனியார் கையில் இருக்கும் ஓல்டு கிராண்ட் நிலம். பி-4 எதிலும் சேராத காலி மனை.

பெங்களூர்த் தண்டின் கதை 1947 ஜூலை 26-இல் முடிந்தது. சுதந்திரத்துக்கு இருபது நாள் முன்னால் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனை மைசூரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது சீரங்கப்பட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. ஆக, அறுபத்தாறு வருஷம் காத்திருந்ததில் மைசூருக்கு இரண்டு ஊரும் கிடைத்தன. பரிவர்த்தனைகளின் சரித்திரத்தில் இப்படி இரண்டு பக்கத்துச் சொத்தும் ஒரே தரப்புக்கு வந்து சேர்ந்தது அபூர்வம். 1949-இல் பேட்டையையும் தண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். பட்டாளத்தின் சொந்த உபயோக நிலங்கள் மட்டும் பட்டாளத்திடமே தங்கின. பெயரில் கண்டோன்மென்ட் என்று ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் பெங்களூரில் இன்று கண்டோன்மென்ட் போர்டு கிடையாது.

மற்ற ஊர்களில் 1836-ஆம் வருஷத்து உத்தரவு சாகவில்லை. எழுதிய கும்பினி 1858-இல் ஆட்சியை இழந்தது, ராணி போனார், வைஸ்ராய் போனார். 179-ஆம் நம்பர் மட்டும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்துச் சாகர் கண்டோன்மென்டில் ஒரு பங்களா விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-இல் அங்கேயும் ஓல்டு கிராண்ட் நிபந்தனைகளே நின்றன. நோட்டீஸ் வந்தால் இன்றைக்கும் கட்டடத்துக்குத்தான் பணம், மண்ணுக்கு இல்லை. அதே சமயம், மாநில அரசு ஒரு மேம்பாலத்துக்கோ ரோட்டுக்கோ ராணுவ நிலம் கேட்டால் சம மதிப்புள்ள நிலமோ கட்டடமோ பதிலுக்குத் தர வேண்டும் என்று ராணுவ அமைச்சகம் கறாராக நிற்கிறது. பதினெட்டு வயது மகாராஜா பக்கத்தில் இந்த விதியைத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்திருந்தால், குறைந்தபட்சம் ஊட்டியையாவது கேட்டுப் பார்த்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் கண்டோன்மென்ட் போர்டு உள்ள ஊர்கள் இரண்டு: பரங்கிமலை-பல்லாவரம் ஒன்று, நீலகிரியில் வெலிங்டன் இன்னொன்று. அந்தப் பக்கம் பழைய ஓட்டு பங்களா ஒன்று தோட்டத்தோடு சல்லிசாக வருகிறது என்று தரகர் போன் செய்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நிலப் பதிவேட்டில் அது எந்த வகுப்பு என்று பார்த்துவிடுங்கள். பி-3 என்று இருந்தால் நீங்கள் பேரம் பேச வேண்டியது ஓட்டுக்கும் சுவருக்கும் மட்டும்தான்; தரகர் விலையில் சேர்த்த தோட்டம் அவர் விற்கக்கூடியது அல்ல.